சௌந்திரம் வீட்டுச் சேனை

உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டதும், தூக்கி வந்த குடத்தை வாசற்படியில் இறக்கி வைத்தேன்.

சௌந்திரம் பிழைத்துக்கொண்டாள். அது போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை.

மருத்துவச்சி பாப்பாயி கதவைத் திறந்து, பெண் குழந்தை என்றாள். சௌந்திரத்தின் மாமியார் செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூத்ததும் பெண்தான்.

பாப்பாயி கூப்பிட்டுத்தான் நான் வந்தேன். "வசந்தாமணி அம்மிணி, தண்ணி பத்தலீங்க. ஒரு கொடம் கொண்டாங்க" என்று வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த வேலி மட்டும்தான். ஆனாலும் நான் அந்த வாசலை மிதித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. செல்லாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். மருமகள்தான் இவளோடு பேசுவதில்லையே, தண்ணீரை வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நானும் சௌந்திரமும் எழுபத்து நாலாம் வருஷம், ஒரே தை மாதத்தில் மோகனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவளுக்கு வாயே கிடையாது. எனக்கு அவளுக்கும் சேர்த்து இருக்கிறது.

எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது என் மகன் குடித்ததெல்லாம் அவளுடைய பால்தான். மடியில் ஒரு பக்கம் தன் மகளையும் ஒரு பக்கம் இவனையும் போட்டுக்கொண்டு, கால் மரத்துப்போனாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கூடப் பிறந்தவள் செய்வாளா?

அதனால்தான், நிறைமாதக்காரியைக் கரும்புக் காட்டுக்குச் சோறு சுமக்க விடலாமா என்று வீதியில் நின்று செல்லாயியைக் கேட்டேன். ஊரே கேட்கும்படி கேட்டேன் என்பதும் உண்மைதான். மெதுவாகப் பேச எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

மறுநாளிலிருந்து சௌந்திரம் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாள்.

வாய்க்காலுக்குத் துணி துவைக்கவும் எதிர்வீட்டுச் செல்லியம்மாளோடு போனாள். செல்லியம்மாள் புதுப் பெண். அவள் குரல் அவளுக்கே கேட்குமோ என்னவோ. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் எனக்கு நிம்மதி. இவள் பேசாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அதே செல்லியம்மாளைத்தான் சேனை வைக்கக் கூட்டி வந்து உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். கையில் கிண்ணம். அதில் நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீர். பிறந்த குழந்தையின் நாக்கில் அதை முதலில் தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தேடுவதைவிடக் கவனமாகச் சேனைக்கு ஆள் தேடுவார்கள்.

"பொட்டப் புள்ள. இவளாட்டம் அடக்க ஒடுக்கமா வரோணும்" என்றாள் செல்லாயி. சொன்னது செல்லியம்மாளைப் பற்றி, பார்த்தது என்னை.

கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"அவ வேண்டாம்."

பேசியது யார் என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் சௌந்திரத்தின் குரலை அவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை.

"வசந்தாமணி வெக்கட்டும். இந்த ஊட்டுல பொட்டப் புள்ள பொழைக்கோணும்னா வாய் வேணுமுங்க, அத்தை."

பச்சை உடம்புக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதை மறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவள் செல்லாயிதான். இப்போது எந்த முகத்தோடு மறுப்பாள்? செல்லியம்மாள் கிண்ணத்தை என் கையில் திணித்தாள். அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்ததுபோல் இருந்தது.

சௌந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தேன். குழந்தை சப்புக்கொட்டியது. பிறகு முகம் சிவக்க ஒரு கத்து கத்தியது. பாப்பாயி சிரித்துவிட்டாள்.

சௌந்திரம் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆனால் நான் எழுந்தபோது என் சேலைத் தலைப்பு வரவில்லை. அவள் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டாள்.

வெளியே வந்தபோது சர்க்கரை ஆலையின் சங்கு ஊதியது. படியில் வைத்த குடத்தை எடுத்துக்கொண்டு, ஊற்றிவிட்டுப் போகலாம் என்று பின்பக்கத் தொட்டிக்குப் போனேன்.

தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. பக்கத்தில் அண்டாவும் நிறைந்திருந்தது.

பாப்பாயி கை கழுவ வந்தாள். தண்ணீர் போதவில்லை என்றாயே என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லி உங்களக் கூப்பிடச் சொல்லுச்சுங்க. போன மாசமே சொல்லி வெச்சிருச்சு."

போன மாதம். என்னோடு பேச்சை நிறுத்திய அதே மாதம். பேசிக்கொண்டிருந்தால் செல்லாயி என்னை இன்று படியேற விட்டிருப்பாளா?

குடத்தைத் தூக்கி அப்படியே என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பிரசவ வீட்டுக்குப் போனால் தலைமுழுக வேண்டும் என்பதால், கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.