பத்து பத்துக்கு வரும் பதில்

பெரியவர் பத்தொன்பதாவது தடவையாகவும் மறுத்துவிட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் அட்மின் பதிலைப் படித்துவிட்டு, வேலை போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவர். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

அவர் ஒன்றும் பெரியவரின் சொத்தில் பாதி கேட்கவில்லை. லிப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் சர்வரில் ஓடுகிற அரதப் பழசான லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புது வெர்ஷனுக்கு மாற்ற அனுமதி கேட்டார், அவ்வளவுதான். இந்த மாதத்தோடு பழைய வெர்ஷனுக்கு ஓட்டைகளை அடைக்கிற பாதுகாப்பு பேட்ச் வருவது நிற்கிறது. அதற்குப் பிறகு எவனாவது உள்ளே புகுந்து நாசம் பண்ணினால் முதலில் உருளப்போவது அட்மினின் தலை.

பெரியவரின் பதில் என்றைக்கும் ஒன்றுதான். "காரணம் போதவில்லை. மீண்டும் விண்ணப்பிக்கவும்." காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு டாண் என்று வரும், ஞாயிற்றுக்கிழமை உட்பட.

அவரை யாரும் பார்த்ததில்லை. தலைமை ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லோருடைய நினைப்பும். புது நாற்காலியோ, ஒரு நாள் லீவோ, எதுவானாலும் அவருக்குத்தான் மெயில் போக வேண்டும். மேனேஜர் மேடம் ஒரு வருஷம் அவருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினார். அதற்கும் காரணம் போதவில்லை என்றே பதில் வந்தது. பெரியவருக்கு முகஸ்துதி பிடிக்காது என்று மேடம் ஒரு வாரம் மெச்சிக்கொண்டிருந்தார்.

அட்மினுக்கு அவர்மேல் தனிக் கோபம் ஒன்று உண்டு. தங்கை கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டதற்கும் இதே பதில்தான். இந்த நாற்காலியில் உட்கார்ந்தே போனில் கல்யாணத்தைப் பார்த்தார். தங்கை இன்றுவரை அவரோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

மேடத்தின் அறைக்குப் போய் நின்றார்.

"சனிக்கிழமை மதியம் நானே பண்ணிடறேன் மேடம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் எப்படிங்க சொல்றது? இந்தச் சீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்துல நான் எதுக்கும் சரின்னும் சொன்னதில்ல, வேண்டாம்னும் சொன்னதில்ல."

வேலை போனால் போகட்டும் என்று அட்மின் சனிக்கிழமை துணிந்துவிட்டார். இருக்கிறதையெல்லாம் பேக்கப் எடுத்தார். முன்சோதனை ஒரு முழ நீளத்துக்குப் பட்டியல் போட்டு, பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதின சின்ன ப்ரோகிராம் ஒன்று புது வெர்ஷனில் ஓடாது என்று கடைசியில் எச்சரித்தது. ஒன்றுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று என்டர் தட்டினார்.

திரை கறுத்தது. முக்கால் மணி நேரம் உயிர் கையில் இல்லை. பக்கத்து நாற்காலியில் மேடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் எதையும் பார்க்கவில்லை என்று நாளைக்குச் சொல்ல வேண்டுமாம். ஒருவழியாகப் புது வெர்ஷன் எழுந்து வந்தது. புகார்ப் பதிவு, மெக்கானிக்குகளின் டூட்டி, மெயில் எல்லாம் முன்னைவிட வேகமாக ஓடின.

செய்ததை மறைக்க அட்மினுக்கு மனசு வரவில்லை. அனுமதியில்லாமல் மாற்றிவிட்டேன், மன்னிக்கவும் என்று ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அவரே பெரியவருக்கு மெயில் போட்டார். திங்கட்கிழமை காலை சாப்பாட்டு டப்பாவையும் மேஜைமேல் இருந்த குடும்பப் போட்டோவையும் பைக்குள் வைத்துக்கொண்டு, வேலை நீக்க உத்தரவுக்காகக் காத்திருந்தார். ஆபீசே அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

மணி பத்து பத்து ஆனது. பத்தரையும் ஆனது. ஒன்றும் வரவில்லை.

கோபத்தில் பெரியவருக்கு வார்த்தை வரவில்லை போலிருக்கிறது என்றார் மேடம். ஆனால் மறுப்பு வராத சேதி எப்படியோ எல்லா மாடிக்கும் பரவிவிட்டது. பதினொரு மணிக்குள் மேடத்தின் அறைக்கு முன்னால் லீவு லெட்டரோடு இருபது பேர் வரிசை கட்டிவிட்டார்கள். மேடம் வியர்த்து விறுவிறுத்துத் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். பெரியவர் உங்களோடுதானே இருக்கிறார் என்று அங்கே திருப்பிக் கேட்டார்கள்.

அட்மினுக்கு அப்போதுதான் அந்த எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. ஓடாமல் நின்றுபோன ப்ரோகிராமைத் திறந்தார். தினமும் பத்து பத்துக்கு எழுந்து, வந்திருக்கிற மெயிலுக்கெல்லாம் ஒரே பதிலை அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்கிற ப்ரோகிராம் அது. தலைமாட்டில் யாரோ பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள்: 'சும்மா சோதனைக்கு. வெள்ளிக்கிழமை அழித்துவிட வேண்டும்.'

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் மேடத்தின் முன்னால் வைத்தார்.

"மேடம், பெரியவர் மொத்தமே நாலு வரிதான்."

மேடம் இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக்கு வெளியே நீண்டுகொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இத்தனை பேருக்கும் நான் என்னங்க பதில் சொல்வேன்? உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எப்படியாவது அவரைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க."

கொண்டு வரலாம். நாலு வரியைப் புது வெர்ஷனுக்கு ஏற்றபடி மாற்றி எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அட்மினுக்குத் தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"காரணம் போதவில்லை, மேடம்."