இலை போடும் நேரம்

சேவூரில் வயல்பாதைத் தகராறு ஒருவழியாக முடிந்தது. சமாதான விருந்துக்காக, நிலத்துக்காரர் மனைவி ரத்னாவதி வெயில் இருக்கும்போதே எதிர்த்தரப்பான பச்சையம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“அவங்க நம்ம வூட்ல கை நனைக்க மாட்டாங்க அத்தை,” என்றான், தகராறில் அடிபட்ட, பச்சையம்மாளின் போளூர் மருமகன் குணா.

சமரசம் செய்துவைத்த பிரபாகரன் ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரத்னாவதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப கிளம்பலாம்னு பாத்துகினு இருக்காங்க,” குணா முணுமுணுத்தான்.

“இலை போட்டுடட்டுங்களா சார்?” பச்சையம்மாள் மறுபடியும் கேட்டாள்.

“இருங்கம்மா. இப்பத்தான் முக்கியமான விஷயத்துக்கு வரேன்.”

அவர் பேசி முடித்ததும் லைட்டைப் போட்டு, இலையும் போட்டார்கள். ரத்னாவதி கைகூப்பினார்.

“மன்னிச்சுடுங்க. என்னால சாப்பிட முடியாது.”

“நான் சொல்லல?” குணா எழுந்தான். “இனிமே சமாதானமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” அவன் பைக் சீறிக்கொண்டு போனது.

பிரபாகரன் திகைத்தார். “என்னம்மா இது?”

“அவங்க ஜைனருங்க சார். பொழுது சாஞ்சா ஒரு வாய் சோறு தொட மாட்டாங்க.” வெங்காயம், பூண்டு போடாமல் வைத்த குழம்பைப் பச்சையம்மாள் மூடினாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

ரத்னாவதி மூடிய குழம்பைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒத்துமையைப் பத்திப் பேசிகினு இருக்கறவரை எப்படிங்க நடுவுல நிறுத்தறது?”