மூட்டையில் ஒரு துளை

அகரத்து மாட்டுக்கொட்டகையில் மலைச்சாமி நீல பிளாஸ்டிக் மூட்டையைப் பிரிக்கிறார். மக்காச்சோளத்தட்டையைப் பச்சையாக நறுக்கி, மிதித்து அடைத்து, காற்றுப் புகாமல் கட்டி நாற்பத்தைந்து நாள் ஆகிறது. கோடைக்கு இதுதான் தீவனம். புளித்த வாசத்துக்குப் பதிலாகப் பூசண நெடி குப்பென்று வருகிறது. ஒரு கை அள்ளி நீட்டுகிறார். கறவைமாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெள்ளைப் பூசணத்தைத் தடவிப்போகும் விரல், மூட்டையின் தோளில் கோணி ஊசி குத்திய துளையில் நிற்கிறது. அதில் கோத்த கயிற்றில் எலுமிச்சையும் மிளகாயும் காய்ந்து தொங்குகின்றன. “இத யாரு கட்டுனது?” மனைவி அய்யம்மாள் தண்ணீர் வாளியை இறக்கி வைக்கிறாள். “நாந்தேன். வாரவக போறவக எல்லாம் இம்புட்டுப் பெரிய மூட்டையான்னு பாத்தாகல்ல.” அவர் வாய் திறக்குமுன் உள்ளே எட்டிப் பார்க்கிறாள். “பாத்தீகளா, அப்படியும் கண்ணு பட்டுருச்சு.”