கண்ணாடி நூல் மட்கார்ட்

காஜா பேராங் ஊரின் பஸ் பட்டறையில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் இன்னும் படபடக்கிறது. புது பஸ்ஸின் சக்கரத்துக்கு மேல் தேன் நிறத்தில் மினுங்குகிறது மட்கார்ட். தகரம் இல்லை, கண்ணாடி நூலையும் பிசினையும் சேர்த்து, சிங்கப்பூர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பொறியாளர் தெய்வானை வார்த்தது. முன்பு வார்த்த இரண்டும் விரிசல் விட்டுவிட்டன. இதுவும் போனால் தகரம்தான் என்று முதலாளி வைரவன் கறாராகச் சொல்லிவிட்டார். இன்று புது பஸ்ஸுக்குப் பூஜை; கற்பூரம் மணக்கிறது. தேங்காயைத் தரையில் அடிக்க ஓங்கிய வைரவன், சட்டென்று மட்கார்ட் பக்கம் திரும்புகிறார். "ஐயோ முதலாளி, அது மட்கார்ட்!" என்று அலறுகிறாள் தெய்வானை. "தெரியும் லா. பாத்துருவோம்!" அவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். மடார்! தேங்காய்த் தண்ணீர் அவள் முகமெல்லாம் தெறிக்கிறது. கண்ணைத் திறந்தால் தேங்காய்தான் சுக்குநூறு; மட்கார்டில் ஒரு கீறல்கூட இல்லை. வைரவன் ஈரக் கையால் அதைத் தடவித் தடவிப் பார்க்கிறார். "அம்மாடி! எல்லா பஸ்ஸுக்கும் இதையே வார்த்துரு. யாரப்பா அங்கே, இன்னொரு தேங்காய் கொண்டாங்க!"

"இன்னும் சோதனையா முதலாளி?"

"சோதனை முடிஞ்சிருச்சும்மா. இது என் சந்தோஷத்துக்கு!"