வழவழவென்று ஒரு கேக்

மறுபடியும் துகள் வந்துவிட்டது.

நெனிதா ஸ்டீல் ஸ்கேலைக் கேக்கின் பக்கவாட்டில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வெள்ளைக் கிரீமோடு பழுப்புத் துகள்களும் சேர்ந்து வந்தன. வழவழவென்று இருக்க வேண்டிய இடம் மணலில் விழுந்து எழுந்த முழங்கால் மாதிரி ஆகிவிட்டது.

ரொமுலோ வந்துகொண்டிருக்கிறான்!

கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. தன் பிறந்தநாளன்று அவன் ஒருமுறைகூட வீட்டில் இருந்ததில்லை. இந்த வருடம்தான் லீவு வாகாக விழுந்திருக்கிறது. காலையிலிருந்து நெனிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணி, அண்ணன் வர்ற வேன் ஓட்டோன் ஊரைத் தாண்டியாச்சாம்!" ரொமுலோவின் தங்கை பெபெத் போனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஐயோ, அந்த டிரைவரைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுடி!"

வருடா வருடம் அவன் பிறந்தநாளுக்கு நெனிதா இரண்டடுக்குக் கேக்குக்குக் கிரீம் பூசி வைப்பாள். நடுக்கடலிலிருந்து ரொமுலோ வீடியோவில் வருவான். ஒரு கையில் போனும் மறு கையில் கேக்குமாக வீடு முழுக்க நடந்து காட்டுவாள். எல்லோரும் பாடுவார்கள். கேக் பளிங்கு மாதிரி இருக்கும். ரொமுலோ அந்தப் படங்களைக் கப்பல் முழுக்கக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வான்.

இன்றைய கேக் அப்படி இல்லையென்றால் ஏன் என்று கேட்பான். இருக்கிற பதிலை அவளால் சொல்ல முடியாது.

"வருஷா வருஷம் சாதுவா இருந்துச்சு. இன்னிக்கு வாலாட்டுது பாருங்க" என்று பெபெத் சிரித்தாள்.

"வாயை மூடிட்டு அந்த வீடியோவைப் பாரு. துகளுக்கு என்ன பண்ணணுமாம்?"

"துகளை அடக்க ஒரு பூச்சு, அழகுக்கு ஒரு பூச்சாம் அண்ணி. மொதல்ல மெல்லிசா பூசி ஃபிரிட்ஜ்ல வச்சு இறுக விடணுமாம்."

நெனிதாவுக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருடமும் அவளுக்கு ஒரு பூச்சே போதுமாக இருந்தது.

ஃபிரிட்ஜிலிருந்த மீனும் பீரும் வெளியே வந்தன. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேக்கைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வேன் அடுத்த ஊரான திக்பாவனுக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நெனிதா ஃபிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

பூச்சு இறுகியது. சாப்பாட்டு மேசையின் சுழல் தட்டில் கேக்கை ஏற்றி அடுத்த பூச்சைப் போட்டாள். ஸ்கேலை வெந்நீரில் முக்கித் துடைத்து, பக்கவாட்டில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். பெபெத் தட்டைச் சுற்றினாள்.

கிரீம் பட்டுப்போல விரிந்தது. ஒரு துகள்கூட இல்லை.

"வருதுடி! வருது!"

முக்கால் சுற்றுதான் முடிந்திருந்தது. வாசலில் ஹாரன் கேட்டது. நெனிதா சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். மிச்சமிருந்த பக்கத்தில் ஸ்கேல் ஆழமாக இறங்கி, துகளைக் கிளப்பி, ஒரு பள்ளத்தையும் போட்டுவிட்டது.

அந்தப் பக்கத்தை அவசரமாகச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

ரொமுலோ அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். நேரே மேசைக்குப் போனான். கேக்கைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, ஒற்றை விரலால் தட்டைச் சுழற்றிவிட்டான்.

பள்ளம் நேராக முன்னால் வந்து நின்றது. நெனிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறந்தநாள் பாட்டுக்குக்கூட ரொமுலோ காத்திருக்கவில்லை. கத்தியை எடுத்து மேலிருந்து கீழ்வரை இறக்கினான்.

"பெபெத், இங்க பாரு, கத்தி சத்தமே போடாம இறங்குது!"

"அது எதுக்குச் சத்தம் போடணும்?" என்றாள் நெனிதா.

"தெர்மாகோலா இருந்தா இந்நேரம் கீச்சுன்னு கத்தியிருக்குமே. நம்ம கல்யாணக் கேக்குல ஒப்புக்குக் கீழ் ரெண்டடுக்கா வச்சிருந்த அதே தெர்மாகோல்தானே? நெஜ கேக்கை யாராவது ஒத்தைக் கையில தூக்கிட்டு வீடு பூரா நடப்பாங்களா, நெனி?"

பெபெத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா கப்பல் பூரா காட்டின?" என்றாள் நெனிதா.

"பின்னே? என் பொண்டாட்டி பூசினதாச்சே!"

நெனிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நீ இல்லாம யாருக்கு வெட்டுறது?" என்றாள்.

ரொமுலோ பள்ளம் விழுந்த பக்கமாகப் பார்த்து ஒரு பெரிய துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டான்.