ஐந்து பழுப்புக் குட்டிகள்

"உன் மூஞ்சியப் பார்த்து ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியலையே, உள்ள ஏதாவது ஓடுதா இல்லையா?"

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் அவளைக் கேட்டது. வகுப்பே சிரித்தது. அந்த வருடத்தோடு பள்ளிக்கூடமும் நின்றுபோனது.

இன்று அந்த முகம் வேண்டும்.

மேசை மேல் வரிசையாக ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடக்கும் ஒரு மலைப்பாம்புக் குட்டி. பயந்தால் பந்தாகிவிடும் ஆப்பிரிக்க வகை.

ஐந்தும் பெண். ஐந்தும் பழுப்பு.

"இதுங்க தாத்தனுக்குப் பாதி உடம்பு வெள்ளை, பாப்பா" என்றார் கடைக்காரர் ராயப்பன். "அந்த ரத்தம் இதுல எதுக்கு இறங்கியிருக்கு, எதுக்கு இல்லைன்னு எனக்கே தெரியாது. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அது அவள் முகத்திலேயே இருந்தது.

ராயப்பன் கடையில் விலை எழுதி ஒட்டுவதில்லை. வந்தவர் பார்வை எதன் மேல் நிற்கிறதோ, அதற்கு அப்போதே விலை ஏறும். மற்றதெல்லாம் பத்தாயிரம்.

அவளிடம் பத்துதான் இருந்தது.

வீட்டில் ஓர் ஆண் பாம்பு. அதுவும் பழுப்புதான். ஆனால் அதன் அப்பனை அவள் பார்த்திருக்கிறாள். பாதி உடம்பைப் பாலில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும்.

அப்பன், தாய் இரண்டிலும் அந்த ரத்தம் ஒளிந்திருந்தால்தான் குட்டியில் வெள்ளை வெளியே வரும். அப்படி ஒன்று பிறந்தால் விலை பல மடங்கு. ஒன்றில் மட்டும் என்றால், எத்தனை முட்டை பொரித்தாலும் பழுப்பு.

"சரியான ஜோடியா வாங்கிட்டு வா, ரெண்டு வருஷம் பொறுத்துக்கிறேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தான். "இல்லேன்னா இருக்கிற பாம்பையும் வித்துட்டுத் திருப்பூருக்குக் கிளம்பு. பனியன் கம்பெனியில ஆள் கேட்கிறாங்க."

முதல் குட்டியைத் தூக்கினாள்.

தலை. முதுகு. கண். கடைசியாக, எல்லோரும் செய்வதுபோல், திருப்பி வயிறு.

வைத்தாள்.

இரண்டாவது. வைத்தாள்.

மூன்றாவது.

வாலுக்கு அருகே, வயிற்றின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு. நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை.

வீட்டில் இருப்பதன் வயிறும் இப்படித்தான். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வெள்ளை ஒளிந்திருப்பதற்குப் பெரும்பாலும் பொய்க்காத அடையாளம்.

கட்டைவிரல் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றது.

விரலை எடுத்துவிட்டாள்.

மற்றதைப் போலவே வைத்தாள். நான்காவதை எடுத்தாள். பிறகு ஐந்தாவதை. ஐந்தாவதைக் கீழே வைக்காமல் வைத்திருந்தாள். வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள்.

"அது நாற்பது" என்றார் ராயப்பன்.

அவள் தலை குனிந்தாள்.

"அப்படி இன்னாத்தப் பார்த்த அதுல?"

"கண்ணு நல்லா இருந்துச்சு."

ராயப்பன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஏய் பிலோ, கேட்டியா? கண்ணு அழகா இருக்காம்! பொண்ணு பார்க்க வந்திருக்கு!"

கடையின் பின்பக்கக் குழாயடியில் தண்ணீர்க் கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

"முப்பத்தஞ்சு. உனக்காக."

"அவ்ளோ இல்லைங்கண்ணே."

"எவ்ளோ வச்சிருக்க?"

"பத்து."

ராயப்பன் சலித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு டப்பாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். நிதானமாக. ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவதில் விரல் நின்றது.

"இது?"

அவள் ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் நகர்ந்தது.

இப்போது மூன்றாவதைக் கேட்டால் பிடித்துவிடுவார். கேட்காவிட்டால் கைக்கு வந்ததைக் கொடுத்துவிடுவார்.

"ஏதாவது ஒண்ணு குடுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

"பிலோ! வந்து ஒண்ணைப் பையில போடு. எதுவானாலும் சரி. அந்தக் கடைசி மட்டும் வேணாம்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் வந்தாள்.

முதல் குட்டியைத் தூக்கினாள். பையின் வாயை விரித்தாள்.

வாங்க வந்தவள் தரையைப் பார்த்தாள். சிமெண்டில் ஒரு விரிசல். அதை மட்டும் பார்த்தாள்.

டப்பா மூடி உரசும் சத்தம். முதல் குட்டி டப்பாவுக்கே திரும்பியிருந்தது.

"இன்னா தேடுற? எல்லாம் ஒரே பழுப்புதானே!" என்றார் ராயப்பன்.

அந்த அம்மாளின் கையில் மூன்றாவது.

வாலைத் திருப்பினாள். கட்டைவிரல் வயிற்றோரமாகச் சென்று, அதே இடத்தில் நின்றது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

ஒன்றுமே காட்டாத அந்த முகத்தில் முதல்முறையாக ஏதோ ஓடியது. மறைக்க நேரமில்லை.

ராயப்பன் அவள் கொடுத்த பத்தாயிரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

குட்டி பைக்குள் இறங்கியது. அந்த அம்மாள் முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்து, அதன் மேலேயே இன்னொரு முடிச்சு. பையை அவள் கையில் வைத்து, விரல்களை மூடினாள். ஈரம் இன்னும் காயாத கை.

"அந்த அஞ்சாவதைத் தனியா எடுத்து வை பிலோ" என்றார் ராயப்பன். "விஷயம் இருக்கு அதுல. நாற்பதுக்குக் குறைஞ்சு குடுக்கக் கூடாது. கேட்குதா?"

பிலோ ஐந்தாவது டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள்.