வலது பக்கச் சாய்வு

"இவருக்குத் தலைவலி வராம வேற யாருக்கு வரும், டாக்டர்? தலையை எப்பப் பாரு சாய்ச்சுக்கிட்டே இருந்தா?"

மூலை நாற்காலியில் உட்கார்ந்ததுமே அந்தம்மா ஆரம்பித்துவிட்டார். அவருக்கு இடப்பக்கம் கணவர், வாயில்லாப் பூச்சி.

தலைவலி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள் பிசியோதெரபிஸ்ட்.

"சுவரோட ஒட்டி நின்னு, மோவாயை உள்ள இழுக்கச் சொன்னேனே, செய்றீங்களா சார்?"

"செய்றார், செய்றார். நான்தானே போலீஸ்! சுவர்ல நிக்கும்போது சிப்பாய் மாதிரி நிக்கிறார். நகர்ந்தா பழைய குருடிதான். வலி வந்தா ஒரு வாய் சாப்பிடறதில்ல, பாக்கறவளுக்குத்தான் வயிறு எரியுது. இதுல புதுசா முனகல் வேற. நேரா உக்காந்து இவர் பேசினா ஒண்ணும் புரியல. மோவாயோட குரலும் உள்ள போயிடுச்சு!"

பிசியோதெரபிஸ்ட் எழுந்து, கணவருக்குப் பின்னால் போய் நின்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கம் கல்லாக இறுகியிருந்தது.

"தலையணை உயரமாம்மா?"

அந்தம்மா எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியில் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பதில் இல்லை.

கணவர் சட்டென்று வலது பக்கம் சாய்ந்து, மனைவியின் முகத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் காதருகே போய்ச் சொன்னார்: "தலையணை உயரமான்னு கேக்கறாங்க."

"அதுவா? அப்பளம் மாதிரி தட்டை!"

அவள் விரல்களுக்கடியில் அதே தசை விண்ணென்று இறுகியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சற்றுமுன் நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"சார், அம்மாவுக்கு இடது காது..."

"மெதுவா, டாக்டர்! அவளுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவா. என் தலைவலி எனக்குப் பழகிப்போச்சு."

கண்ணாடியில் இருவரின் உதடுகளும் அசைவதை அந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் ஒரு சத்தமும் விழவில்லை.

தன் இடது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு விருட்டென்று எழுந்தார்.

"எந்திரிங்க. நீங்க மூலைக்குப் போங்க. அங்க எனக்குக் காத்தே வரல. இனிமே வீட்டுலயும் நான் இந்தப் பக்கம்தான்."

கணவர் இடம் மாறி, நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிம்மா" என்றார், தலையைச் சாய்க்காமலே.

"இப்ப முனகல, பாருங்க டாக்டர்!" என்று சிரித்தார் அந்தம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிசியோதெரபிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். அறையில் ஃபேன் ஓடவே இல்லை.